மஞ்சள் விளக்கடியில் ஒரு கள்ளி

எங்கள் கட்டடத்தில் வெயில் ஒரு விருந்தாளி. காலையில் எதிர்க் கட்டடத்தின் தலையைத் தாண்டி வந்து, எங்கள் மூன்றாம் மாடி நடைவழியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, டீ ஆறுவதற்குள் எழுந்து போய்விடும். அப்புறம் நாள் முழுக்க வெளிச்சம் உண்டு, வெயில் கிடையாது. துணி காயாது, மிளகாய் காயாது, எங்களுக்கு மட்டும் மண்டை காயும். இந்த இடத்தில் என்ன செடி வளரும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், ஒரு மண்ணும் வளராது என்று சொல்லியிருப்பேன். நான் கணக்கு டீச்சர். எதையும் தீர்ப்பாகச் சொல்லிப் பழக்கம். ஒருவர் தப்பாகப் பேசும்போது திருத்தாமல் விட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

என் தீர்ப்பைப் பொய்யாக்கியது பக்கத்து வீட்டு அக்கா.

அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க ஆவியிலும் சூட்டிலும் நின்றுவிட்டு, சாயங்காலம் தோளில் ஒரு துண்டோடு படியேறி வருவாள். வந்ததும் முகம் கழுவ மாட்டாள், தண்ணீர் குடிக்க மாட்டாள். கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக இருக்கும் தொட்டிகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் தண்ணீர் கிடையாது. காய்ந்திருந்தாலும், "நாளைக்குப் பாப்போம்" என்பாள். பிள்ளைகளை இப்படி வளர்த்தால் ஊர் திட்டும், இந்தச் செடிகளை இப்படித்தான் வளர்க்க வேண்டுமாம்.

முதலில் அவளும் ஆழம் தெரியாமல் காலை விட்டவள்தான். உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருந்த ஒரு கள்ளியை ஆசையாக வாங்கி வந்தாள். அது வெயிலைத் தேடிக் கழுத்தை நீட்டி, வெளுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசியில் அடியில் அழுகிப்போனது. அடுத்தது வாங்கினாள், அதுவும் போனது. பிறகுதான் விசாரித்து, அரை நிழலில் பிழைக்கிற சாதியாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். கறுப்புப் பச்சையில் வெள்ளை வரி போட்ட குட்டிக் கற்றாழை. தடித்த இலை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மாட்டு நாக்கு. மூலையில் பாம்புக் கற்றாழை. கம்பியிலிருந்து சடை சடையாகத் தொங்கும், இலையே இல்லாத ஒரு காட்டுக் கள்ளி.

"இதுங்களுக்கு நேர் வெயிலும் ஆகாது, ஒரேயடியா இருட்டும் ஆகாது டீச்சர். நம்மள மாதிரி. நடுவுல கெடந்து பொழைக்கும்" என்பாள்.

கட்டடத்துப் பிள்ளைகள் அவளைக் 'கள்ளிக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் விடுவேனா? அங்கே இருப்பதில் பாதிக்கு மேல் கள்ளியே இல்லை, கற்றாழை வேறு கள்ளி வேறு என்று நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கூப்புடுறாங்களா திட்டுறாங்களான்னே தெரியல, விடுங்க டீச்சர்" என்றாள்.

அப்போதெல்லாம் அக்கா நிறையச் சிரிப்பாள். அப்போது தம்பி இருந்தான்.

தம்பி என்றால் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. முப்பது வயதைத் தாண்டிய ஆள், மனசு மட்டும் பள்ளிக்கூடம் சேராத வயதிலேயே நின்றுவிட்டது. அம்மா அப்பா போன பிறகு அக்காதான் அவனுக்கு எல்லாம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "அவனையும் சேத்துக் கட்டிக்கிறவங்க வரட்டும்" என்றாள். யாரும் வரவில்லை. அவள் தம்பி என்று கூப்பிட்டதால் கட்டடமே தம்பி என்றது. ஐந்து வயசுப் பொடிசுகள்கூட 'தம்பி மாமா' என்றன, இதைத் திருத்த எனக்கே மனசு வரவில்லை.

அவனுக்கு ஒரே ஒரு வேலை. சாயங்காலம் தெருமுனைக் கடைக்குப் போய், ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு, அந்தி சாயும் நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும். போவது சுலபம். வருவதுதான் வம்பு. எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியும் ஒன்றுபோல இருக்கும், எல்லாக் கதவும் ஒரே பழுப்பு. எனக்கே ஆரம்பத்தில் இரண்டாம் மாடியில் நின்று என் சாவியை யார் வீட்டுப் பூட்டிலோ நுழைத்த அனுபவம் உண்டு. தம்பி எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள் போய்விடுவான். ஒருநாள் நான் உள்ளறையிலிருந்து வந்து பார்க்கிறேன், என் நாற்காலியில் சாய்ந்து என் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

"நீங்க எதுக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்க? அக்கா இல்ல. அப்புறமா வாங்க."

நான் என் வீட்டிலிருந்து வெளியே வந்து, பக்கத்துக் கதவைத் தட்டி, "அக்கா, என்னை என் வீட்டுக்குள்ள விடச் சொல்லுங்க" என்றேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே ஒரு மஞ்சள் பல்பு வாங்கி வந்து கதவுக்கு மேலே மாட்டினாள். படிக்கட்டில் இருப்பதெல்லாம் வெள்ளை டியூப்லைட்டுகள், எங்கள் பக்க நடைவழியில் அதுவும் கிடையாது. "மஞ்சளா எரியுதுல்ல, அதான் நம்ம வீடு. சொல்லு, எது நம்ம வீடு?" என்று அவனைக் கேட்டுக் கேட்டுப் பழக்கினாள். அன்றிலிருந்து அவன் வழி தவறவில்லை. அவன் வருகிற நேரத்துக்கு விளக்கைப் போடுவாள், அவன் உள்ளே வந்ததும் அணைத்துவிடுவாள். கரண்டை வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது.

அந்த வரிசையில் முள்ளே இல்லாத ஒரு கள்ளியும் உண்டு, அது தம்பி கொண்டுவந்தது. யாரோ வீடு காலி செய்துவிட்டுப் போனபோது குப்பையில் எறிந்த ஒரு துண்டு. தட்டையாக, சின்னச் சின்னக் கணுவாக, ஒன்றின் நுனியில் ஒன்று கோத்ததுபோல இருந்தது. சட்டைப் பையில் வைத்து, கையால் பொத்திக்கொண்டு எடுத்து வந்தான். காட்டில் மரக்கிளைகளுக்கு நடுவே, நிழலில் வளர்கிற சாதி அது என்று அக்கா பிறகு தெரிந்துகொண்டாள். ஒரு பச்சைத் தொட்டியில் நட்டாள். இடத்தைத் தம்பிதான் சொன்னான். மஞ்சள் விளக்குக்கு நேர் எதிரே, கைப்பிடிச் சுவர் மேல். விளக்கும் பச்சைத் தொட்டியும் சேர்ந்ததுதான் அவனுக்கு வீடு.

பனிக்காலம் வந்தபோது கணுவின் நுனியெல்லாம் சிவந்து, மொட்டு விட்டு, அழுத்தமான ரோஸ் நிறத்தில் பூத்துத் தொங்கியது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "எங்க வீடு பூத்துருச்சு! எங்க வீடு பூத்துருச்சு!" என்று சொல்லிவிட்டு வந்தான். அடுத்த பனிக்காலமும் பூத்தது. அதற்கடுத்ததும்.

பிறகு அந்த நாள் வந்தது. எதற்காக வந்ததோ.

காலையில் பல்பு ஃப்யூஸ் ஆகியிருந்ததை அக்கா பார்த்தாள். வேலை முடிந்து வரும்போது வாங்கிக்கொள்ளலாம், எப்போதும் அவனுக்கு முன்னால் வந்துவிடுகிறோமே என்று நினைத்தாள். அன்றைக்குப் பார்த்து ஏதோ ஒரு விடுதியின் துணி மொத்தமாக வந்து இறங்கியது. முதலாளி யாரையும் விடவில்லை. தம்பி பிஸ்கட்டோடு திரும்பி வந்தபோது எந்தக் கதவுக்கு மேலும் மஞ்சள் இல்லை, இருட்டில் பச்சைத் தொட்டியும் தெரியவில்லை. மேலே ஏறினான், கீழே இறங்கினான். முதல் மாடியில் புதிதாகக் குடி வந்திருந்தவர்களின் கதவைத் திறந்து உள்ளே போயிருக்கிறான். அந்த வீட்டு ஆள் திருடன் என்று நினைத்துக் கத்தி, பிடரியில் கைவைத்து வெளியே தள்ளியிருக்கிறான். நான் அன்று பள்ளிக்கூட வேலையாக வெளியே இருந்தேன்.

வாசலில் வாட்ச்மேன் அண்ணன் இருந்தார். நல்ல மனுஷன், தம்பியோடு தினமும் வம்பளப்பவர். "எங்கடா கெளம்பிட்ட இந்நேரத்துல?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க வீட்டக் காணோம். தேடிட்டு வரேன்."

அவன் பேச்சே அப்படித்தான் என்று அண்ணன் சிரித்துவிட்டு, "கெடைச்சா எனக்கும் ஒண்ணு பாத்துட்டு வா" என்றார். தம்பி போனான். போனவன் வரவில்லை.

தேடாத இடமில்லை. போலீஸில் சொன்னோம், பேருந்து நிலையத்தில் படம் ஒட்டினோம், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். அக்கா கேட்டவர்களிடமெல்லாம் ஒன்று சொன்னாள். அவன் சட்டைக் காலர் எல்லாவற்றிலும் உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு வட்டமும் அதன் கீழே இரண்டு கோடும் தைத்திருப்பாள். சலவைக் கடையில் துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு குறி உண்டு. அது அவள் வீட்டுக் குறி. "எங்க கடையில குறி போட்ட துணி ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்ல" என்பாள். அந்தக் கடைக்கு வெளியே அந்த வட்டத்தையும் கோட்டையும் யாருக்குப் படிக்கத் தெரியும்? அதற்குப் பதில் ஒரு விலாசத்தைத் தைத்திருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. ஊரையே திருத்துகிற எனக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அந்த மஞ்சள் விளக்கு அந்தியில் ஏற்றினால் விடியும்வரை எரிந்தது. மழையோ, பனியோ, அக்காவுக்குக் காய்ச்சலோ, விளக்கு எரிந்தது. வாட்ச்மேன் அண்ணன் தன் கூண்டுக்குள் எப்போதும் ஒரு புது மஞ்சள் பல்பு வைத்திருந்தார். மேலே விளக்கு லேசாகத் துடித்தால் போதும், பல்போடு வந்து நிற்பார். முழங்கால் வலி வந்து படியேற முடியாமல் போனபிறகு, கயிற்றில் கூடையை இறக்கச் சொல்லி அதில் வைத்து அனுப்பினார். அதைப் பற்றி அவர் எதுவும் பேசியதில்லை. அன்றைக்கு அடித்த ஜோக்குக்குப் பிறகு அவர் யாரிடமும் ஜோக்கே அடித்ததில்லை.

அந்த வருஷம் பனிக்காலத்தில் கள்ளி பூக்கவில்லை.

அடுத்த வருஷமும் பூக்கவில்லை. செடி வாடவில்லை, நோய் இல்லை. பச்சைப் பசேலென்று தொட்டி கொள்ளாமல் தொங்கியது. ஒரு மொட்டுகூட இல்லை. "அதுக்கும் தெரியுது டீச்சர். கொண்டாந்தவன் வந்தாத்தான் பூக்கும்" என்றாள் அக்கா. ஒரு தடவை சொன்னால் நாலு வாய் சொல்லும். கொஞ்ச நாளில் அது கட்டடத்தின் நம்பிக்கையாகிவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் காலையில் கேட்டைத் திறந்ததும் முதல் வேலையாக அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்ப்பார். செடிக்கும் மனுஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் மட்டும் உள்ளுக்குள் முணுமுணுத்தேன். ஆனால் பனிக்காலம் வந்தால் நானும் எட்டிப் பார்த்தேன்.

வருஷங்கள் ஓடின. ஒருநாள் வேறு வேலையாக ஒரு நர்சரிப் பக்கம் போனவள், மனசு கேட்காமல் கடைக்காரரிடம் கேட்டேன். முள்ளில்லாத கள்ளி, நல்லா வளருது, பூக்க மாட்டேங்குது, உரம் ஏதாவது போடணுமா?

"ராத்திரியில அதுமேல வெளிச்சம் படுதா?" என்று கேட்டார்.

"ஏன்?"

"அது இருட்டைப் பாத்துதான் மொட்டு வைக்கும்மா. பனிக்காலத்துல ராப்பொழுது நீளமா வரும்ல, அந்த இருட்டு விடாம சில வாரம் கெடைக்கணும். நடுவுல லைட்டு எரிஞ்சா, இன்னும் பகல்தான்னு நெனச்சுட்டு சும்மா இலையா விட்டுட்டிருக்கும். நீங்க உரமாக் கொட்டினாலும் பூக்காது."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவனுக்காக எரிகிற விளக்குதான் அந்தப் பூவைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்வதா, விடுவதா? என்னால் சொல்லாமல் இருக்க முடியாது, அது என் பிறவிக் குணம். அக்காவிடம் சொன்னேன். தொட்டியைச் சாயங்காலம் உள்ளே இருட்டில் வைத்து, விடிந்ததும் வெளியே எடுத்தால் போதும், இல்லாவிட்டால் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து மூடலாம் என்று வழியும் சொன்னேன்.

அக்கா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சாயங்காலம்தானே அவன் வருவான்?"

"அக்கா..."

"அவன் வந்து நிக்கும்போது தொட்டி இருக்காது. இல்லன்னா பக்கெட்டு இருக்கும். நம்ம வீடு இதில்லன்னு போயிருவான். ஒரு தடவ போனது போதாதா டீச்சர்?"

"பூ வேணாமா உங்களுக்கு?"

"பூவா கேட்டேன் நான்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் கோபம்தான். நல்லதுக்குக் காலம் இல்லை என்று வறட்டுக் கௌரவத்தோடு சுற்றினேன். ஆனாலும் இரவு எழுந்தால் என் ஜன்னலில் விழும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

மழை விட்டு, பகல் குறுகத் தொடங்கிய சமயத்தில் அக்கா வேலை செய்யும் கடைக்கு ஒரு போன் வந்தது. முன்பு அவளோடு அங்கே இஸ்திரி போட்ட ஒருவர், தூரத்து ஊரில் ஒரு ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருந்தார். நோயாளிகளின் துணி மூட்டையைப் பிரித்தபோது ஒரு சட்டைக் காலரில் சிவப்பு நூலில் வட்டமும் இரண்டு கோடும் பார்த்திருக்கிறார். அந்தக் குறி அவருக்குத் தெரியும்.

அக்கா என் கதவைத் தட்டினாள். சண்டை எல்லாம் எங்கே போனதோ. "டீச்சர், கூட வரீங்களா?" என்றாள். நான் செருப்பைத் தேடினேன்.

ரயிலில் போகும்போது அவள் பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வைத்திருந்ததைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் வயசான ஒரு நர்ஸ் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தம்பி காணாமல்போன அந்த முதல் பனிக்காலத்திலேயே, ரோட்டோரம் காய்ச்சலில் கிடந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நெஞ்சில் சளி கட்டி, சில நாளில் போய்விட்டான். ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்கள், காட்டினார். அவன்தான். கேட்க ஆள் இல்லாத துணிகளை வெளுத்து, துணி இல்லாத நோயாளிகளுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். அவன் சட்டை அப்படித்தான் இத்தனை வருஷம் யார் யார் உடம்பிலோ இருந்திருக்கிறது.

"பேரு சொல்லலம்மா. ஊரும் சொல்லல. எங்க வீடுன்னு கேட்டா மஞ்ச வெளக்குன்னுதான் சொன்னாரு" என்றார் நர்ஸ். "இங்க எல்லாம் வெள்ளை லைட்டு. அதையே பாத்துப் பாத்து, இது இல்ல, இது இல்லன்னுட்டே இருந்தாரு. அதனாலதான் எனக்கு இன்னும் ஞாபகம்."

நான் அழுதேன். அக்கா அழவில்லை. அந்தச் சட்டையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

அன்றைக்கு அதை ஒரு கிழவர் போட்டிருந்தார். படுக்கையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், பித்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று மாட்டியிருந்தன. கழற்றித் தரச் சொல்லவா என்று நர்ஸ் கேட்டார். "வேணாம். அவருக்குக் குளிரும்" என்றாள் அக்கா. கிட்டே போய்ப் பித்தான்களைக் கழற்றிச் சரியாக மாட்டினாள். காலரை மடித்து, கட்டைவிரலால் அழுத்தி நீவிவிட்டாள். எத்தனையோ ஆயிரம் காலர்களை நீவிய கை, அதில் மட்டும் நின்றுகொண்டே இருந்தது. கிழவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். பிஸ்கட் பாக்கெட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "கட்டடத்துல யாருக்கும் தெரிய வேணாம் டீச்சர். வாட்ச்மேன் அண்ணன் தாங்க மாட்டாரு."

அன்று அந்தி சாய்ந்தது. நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல வெளியே வந்தாள், தொட்டிகளில் விரலை விட்டுப் பார்த்தாள், உள்ளே போனாள். விளக்கு எரியவில்லை. எங்கள் நடைவழி இப்படி இருட்டாக இருந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கீழேயிருந்து வாட்ச்மேன் அண்ணனின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி! பல்பு போயிருச்சா? கூடைய எறக்கு, புதுசு இருக்கு!"

"பல்பு நல்லாத்தாண்ணா இருக்கு" என்றாள் அக்கா இருட்டுக்குள்ளிருந்து. "இனிமே வேணாம்."

அவருக்குப் புரியவில்லை. மேற்கொண்டு கேட்கவும் துணியவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் அக்கா கள்ளியின் முன்னால் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். கிட்டே போனேன். கணுக்களின் நுனியில் சிவப்பாக, அரிசி அளவுக்கு மொட்டுகள். ஒன்றிரண்டு இல்லை, நுனி ஒவ்வொன்றிலும். இத்தனை வருஷம் சேர்த்துவைத்ததைப்போல.

"பாத்தீங்களா?" என்றாள். "இப்போ வருது." அவள் கை மொட்டுப் பக்கம் போனது. "கிள்ளி எறிஞ்சிரட்டுமா?"

"அக்கா, அதுக்கு என்ன தெரியும் பாவம்."

கையை எடுத்துக்கொண்டாள். "தெரியாதுதான். நான்தான் அதுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றாள். பிறகு எப்போதும்போல மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள்.

பூத்தபோது கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே வழிந்தது. கீழே முற்றத்திலிருந்து பார்த்தாலே ரோஸ் நிறம் கண்ணில் அடிக்கும். அது வாட்ச்மேன் அண்ணனின் கடைசி வாரம். உடம்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போகப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் எங்களிடம் விடைபெற மூன்று மாடி ஏறி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூச்சு இரைக்க, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறி வந்தார். கண்கள் பூவின் மேலேயே இருந்தன.

"தங்கச்சி," என்றார். "பூத்துருச்சே!"

அக்கா வாசலில் நின்றாள்.

"நான் ஒரு மடையன். வெளக்க நீ ஏன் நிறுத்திட்டேன்னு மண்டைய ஒடைச்சுட்டிருந்தேன். இப்பத்தான் புரிஞ்சுது. வந்துட்டான்ல? தம்பி வந்துட்டான்ல?"

அவர் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது. அழுகையும் சிரிப்புமாக, ஒரு பதிலுக்காகக் காத்திருந்த முகம். நான் வாயைத் திறந்துவிட்டேன். தப்பு என்று ஒன்று என் காதில் விழுந்தால் நாக்கு தானாக எழுந்துவிடும். அக்கா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"வந்துட்டாண்ணா" என்றாள் அக்கா.

"எங்க?"

"உள்ள. தூங்குறான்."

அண்ணன் ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு தானாகவே நின்றுவிட்டார். "வேணாம், வேணாம். எழுப்பாத" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எவ்வளவு தூரம் நடந்தானோ. தூங்கட்டும். எந்திரிச்சதும் சொல்லு, அண்ணன் அன்னிக்குச் சிரிச்சது தப்புன்னு சொல்லிட்டுப் போனாருன்னு."

"அவன் அதெல்லாம் ஞாபகம் வச்சுக்க மாட்டாண்ணா."

சட்டைப் பையில் கையை விட்டு, காகிதத்தில் சுற்றிய அந்த மஞ்சள் பல்பை எடுத்து அவள் கையில் வைத்தார். "இனிமே இது எனக்கு எதுக்கு?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கள்ளியிலிருந்து பூவோடு ஒரு துண்டை மெல்லத் திருகி எடுத்தாள். துண்டின் நுனியில் ஈரத் துணியைச் சுற்றி அவரிடம் கொடுத்தாள்.

"நேர் வெயில்ல வைக்காதீங்கண்ணா, கருகிரும். காலை வெயில் கொஞ்சம் பட்டாப் போதும். அந்தி சாஞ்சப்புறம் வெளக்கு வெளிச்சம் மட்டும் படாமப் பாத்துக்கங்க."

"ஏன் தங்கச்சி?"

"இருட்டுலதான் மொட்டு வைக்கும்."

அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஏறும்போது இருந்த வலி இறங்கும்போது இல்லை. முற்றத்தைக் கடந்து, கேட்டைத் தாண்டி, திரும்பி அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார். அக்காவும் அசைத்தாள்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள், "பொய் சொல்லிட்டேன் டீச்சர். திருத்தலையா?"

"திருத்த ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

பல்பை மடியில் வைத்துக்கொண்டு, கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும், அந்தத் தூரத்து ஊரிலும் அழாதவள், அப்போதுதான் அழுதாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, உள்ளே தூங்குகிறவன் எழுந்துவிடக் கூடாதே என்பதுபோலச் சத்தம் வராமல் அழுதாள்.